மாத்திரை சட்டை மாற்றிய மாதம்

காலை ஆறேகாலுக்கு அக்கா உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து நீட்டுவாள். தம்பி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பான். பிறகு அவள் "நாக்க நீட்டு" என்பாள். அவன் முழு நாக்கையும் வெளியே தள்ளி, கண்ணை உருட்டி, நாய்க்குட்டி மாதிரி மூச்சிரைத்துக் காட்டுவான். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, அவனுக்கு முப்பத்தாறு. இந்தக் கூத்து ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நடந்தது. அது நடந்ததால்தான் வீடு வீடாக இருந்தது.

தம்பி ஒரு காலத்தில் தெருத்தெருவாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். ஒரு நாள், மீட்டர்கள்தான் தன்னைக் கணக்கெடுக்கின்றன என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு நான்கு பேர் அவனைத் துண்டுகளால் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அக்கா. "நீயுமா அக்கா?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்வியை அவன் இன்னொரு தரம் கேட்கக் கூடாது என்பதுதான் அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை. வேறு பெரிய ஆசை ஒன்றும் அவளுக்கு இல்லை.

அவள் வேலை ஹோட்டல் துணிகளை வெளுக்கிற ஒரு சலவை ஆலையில். வேன் ஆறரைக்கு வந்து ஹார்ன் அடிக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். நடுவில் அவன் தனியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அவள் டிவி வாங்கிப் போட்டாள். டிவி ஓடினால் அவன் வாசலைத் தாண்ட மாட்டான். பேச ஆள் இருக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். அவள் நினைத்தது சரி. பேச ஆள் இருந்தது.

தேர்தல் வந்தது. அவன் பார்க்கிற சேனலில் குற்றத் தொடர் ஒன்று ஓடியது. வாரம் ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு கொலை. ஆரம்பத்தில் கனத்த குரல் ஒன்று, "இந்த நிமிஷம் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கும். இடைவேளை விட்டால் தலைவர் வருவார். வெள்ளைச் சட்டை, உயர்த்திய விரல். "வெளியிலிருந்து வந்தவன் வாசலோடு நிற்கவில்லை. உங்கள் தட்டு வரைக்கும் வந்துவிட்டான். விழித்திருங்கள்!" தலைவர் போனால் மறுபடி கொலை. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்று நல்ல புத்தி உள்ளவனுக்கே பிடிபடாது. தம்பி விழித்திருக்க ஆரம்பித்தான்.

அந்த மாதம்தான் மாத்திரை வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறியது.

மருந்துக் கடைக்காரர் தெருக்கோடியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்பது அவர் பேச்சின் இழுப்பில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மாத்திரை சுலபத்தில் கிடைக்காது. அவளுக்காக மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கித் தனியாக எடுத்து வைப்பார்.

"நிறம் ஏன் மாறியிருக்குண்ணே?"

"மருந்து அதேதாம்மா. கம்பெனி வேற. மாத்திரை சட்ட மாத்தியிருக்கு, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அதைத் தம்பியிடம் அப்படியே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"எவன் சட்ட மாத்துவான்? ஒளியறவன்தானே?"

மறுநாள் காலை உள்ளங்கையில் மாத்திரை அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவள் கெஞ்சினாள், திட்டினாள், தானே ஒன்றை விழுங்கிக் காட்டினாள். அன்றைக்கு ஆலையில் நின்றபடியே தூங்கிவிழுந்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் நர்ஸ், "கூட்டிட்டு வாங்கம்மா, இல்லன்னா வண்டி அனுப்பறோம்" என்றாள். வண்டி என்றால் துண்டு. அவள் போனை வைத்துவிட்டாள்.

டிவியின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். மதியம் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்: "உன் தம்பி எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு எங்க டிவியப் பாக்கறான். எனக்கு பயமா இருக்கு. அவன உள்ள வெச்சுக்கோ." அவள் ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

ஆலையில் விரிப்புகளை இஸ்திரி போடுகிற உருளை இயந்திரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டும். மறுமுனையில் இருந்தவள் சீட்டி. எப்போதும் வாயில் ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

"என்னடி, விரிப்ப இழுக்கறியா, இல்ல என்னையே உள்ள இழுக்கறியா? முழிச்சுக்கோ."

"நாலு நாளா மாத்திர போட மாட்டேங்கறான்."

"அட, பொடிச்சுப் பால்ல போடு. எம்பொண்ணுக்குப் பூச்சி மருந்து அப்படித்தான் குடுத்தேன். இன்னிக்கு அவளுக்கே ரெண்டு புள்ள."

"ஏமாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் வந்து உன் வீட்ல படுப்பாரா?"

மறுநாள் அக்கா கரண்டியின் முதுகால் மாத்திரையை நசுக்கினாள். மஞ்சள் தெரியாமலிருக்கப் பாலில் சாக்லேட் பொடி கலந்தாள். "என்ன அக்கா, எனக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தான். அவள் உடனே டம்ளரை வாங்கிக் கழுவினாள். ஆறு நாள் இப்படியே போயிற்று. அவன் தூங்கினான். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ஃபியூஸைக்கூடப் போட்டுக் கொடுத்தான். அக்காவுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், அவன் பார்க்கிற தொடரில் வாரா வாரம் யாராவது ஒருத்தி சமையலறையில் முதுகைக் காட்டி நின்று செய்கிற காரியத்தைத்தான் தானும் செய்கிறோம் என்பது தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது?

ஏழாம் நாள் வேன் பத்து நிமிஷம் முன்னதாக வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர் நிறுத்தாமல் அடித்தான். தம்பி பாலைப் பாதிதான் குடித்திருந்தான். "முழுசும் குடிச்சிடு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். டம்ளரைக் கழுவவில்லை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சீட்டி திடீரென்று விசிலை நிறுத்தினாள். ஒரு கையில் விரிப்பு, இன்னொரு கையில் போன்.

"ஏய், இது உன் தம்பிதானே?"

திரையில் தம்பி தெரிந்தான். தலை சீவி, சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். கையில் பிளாஸ்டிக் பையில் வைத்து முடிச்சுப் போட்ட டம்ளர். தொடரில் போலீஸ்காரர்கள் தடயத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்திருந்தான். அடியில் மஞ்சள் துகள்.

"மருந்துக் கடைக்காரன் எங்க வீட்டுப் பால்ல வெஷம் கலக்கறான்" என்றான் தெளிவாக. "எங்க அக்காவுக்குத் தெரியாது. அவ பாவம், நாளெல்லாம் வேலைக்குப் போறவ."

விரிப்பு அவள் கையிலிருந்து நழுவிக் கோணலாக உருளைக்குள் போய்ச் சிக்கியது. மேற்பார்வையாளர் கத்தியது அவள் காதில் விழவில்லை.

பஸ்ஸில் நின்றபடி அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பின்னால் தெரிந்தது தெருமுனையில் இருக்கிற தலைவருடைய கட்சி அலுவலகம். அங்கிருப்பவர்கள் ஆறு வருஷமாக அவனை "என்ன மீட்டர், இன்னிக்கு எத்தன யூனிட்?" என்று கேலி செய்பவர்கள். இன்றைக்கு அவனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவன் தோளில் கை போட்டிருந்தான். தம்பியின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் பார்த்து வெகு காலமாயிற்று.

கடை வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கண்ணாடிக் கதவில் ஏற்கெனவே ஒரு விரிசல் விழுந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அடி விழும் என்று எதிர்பார்க்கிறவன்தான் கண்ணாடியைக் கழற்றி வைப்பான்.

கூட்டத்தின் முன்வரிசையில் தம்பி. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா! நீ பயப்படாதே. கண்டுபிடிச்சிட்டேன்."

அவளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றால் தம்பிக்கு அவள் மேல் உள்ள நம்பிக்கை தப்பும், அந்த மனுஷர் தப்ப மாட்டார். வாயைத் திறந்தால் மனுஷர் தப்புவார். அப்படித்தான் கணக்குப் போட்டாள். ஒரு நிமிஷம் நின்றாள். பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டு தம்பியைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிறகு யாரோ கடைக்குள் ஒரு கல்லை எறிந்தார்கள். அலமாரியில் பாட்டில்கள் விழுந்து உடைந்தன.

"நான்தான் போட்டேன்!" என்று கத்தினாள். "அது அவனோட மாத்திர. சாப்பிட மாட்டேன்னான், பொடிச்சுப் போட்டேன். வெஷம் கெடயாது. இவருக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான்!"

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. கட்சிச் செயலாளர் முன்னால் வந்தார். நிதானமான ஆள், குரலே உயராது.

"சரிம்மா. அந்த மாத்திரைய யார் குடுத்தது?"

"இவர்தான். ஆனா டாக்டர் எழுதினது."

"போன மாசமும் இதே மாத்திரைதானா?"

"ஆமா... கம்பெனி மாறிப்போச்சு, நிறம் வேற."

"பாத்தீங்களா?" என்று அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நிறம் மாறியிருக்கு. தெரியாமலே இந்தப் பொண்ணு கையால குடுக்க வெச்சிருக்கான். தலைவர் என்ன சொன்னாரு? நம்ம கைய வெச்சே நம்ம கண்ணக் குத்துவாங்கன்னு சொன்னாரா இல்லையா?"

தான் அப்படிச் சொல்லவில்லை என்றாள் அவள். மறுபடி சொன்னாள். அவள் சொல்வதைப் படம் பிடித்தவர்கள் நிறைய, கேட்டவர் ஒருவரும் இல்லை. மருந்துக் கடைக்காரர் மட்டும் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மூணு மாசத்துக்கு இருக்கும்மா. இனிமே எங்க வாங்குவியோ."

பை அவள் கைக்கு வந்து சேரவில்லை. "தடயம், தடயம்" என்று யாரோ பறித்தார்கள். இன்னொருவன் அதைப் பிடுங்கினான். பை கிழிந்தது. மஞ்சள் மாத்திரை அட்டைகள் தரையில் விழுந்து செருப்புகளுக்கு அடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் மண்டியிட்டுப் பொறுக்கப் பார்த்தாள். விரலை மிதித்தார்கள்.

நான்கரைக்குப் போலீஸ் வந்தது. புகார் வந்திருக்கிறது, மருந்துகளை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கடையை இழுத்துப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மருந்துக் கடைக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவருடைய பாதுகாப்புக்காகத்தான் என்றார் ஏட்டு. உண்மையாகக்கூட இருக்கலாம்.

தம்பி முழு நேரமும் ஒரே இடத்தில் நின்றான். அவன் கூட்டத்தையோ ஜீப்பையோ பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நீயுமா?" என்று அவன் கேட்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் தேவலை. வீட்டுக்குப் போகிற வழியில் கட்சி அலுவலகத்தைத் தாண்டும்போது உள்ளேயிருந்து "மீட்டர் அண்ணே!" என்று ஒருவன் கூப்பிட்டான். அண்ணே என்று அவனை யாரும் அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் நேராகச் சமையலறைக்குப் போனான். அவள் பின்னால் போனபோது கதவருகே கையை நீட்டித் தடுத்தான்.

"நீ உக்காரு அக்கா. இனிமே அடுப்பு வேல எனக்கு."

"எனக்குப் பசிக்கலடா."

"உக்காருன்னு சொல்றேன்ல."

அதட்டல் இல்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யலாம். வண்டி வரும். துண்டோடு நான்கு பேர் வருவார்கள். கட்சி அலுவலகத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். போனைக் கையில் எடுத்தாள், மிதிபட்ட விரல் வீங்கியிருந்தது, மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கனத்த குரல், அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியுமா என்று அவளைக் கேட்டது.

தம்பி ஒரு டம்ளர் பாலோடு வந்தான். அவள் முன்னால் நின்று அதிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்தான். வாயை அவள் காதருகே கொண்டுவந்தான்.

"அவன் உன்ன மிரட்டினானா, பணம் குடுத்தானா, எனக்குத் தெரியாது. நான் கேக்கப் போறதும் இல்ல. அங்க எல்லார் முன்னாலயும் நீ ஒத்துக்கிட்டியே, அது போதும். உன்ன நான் யார்கிட்டயும் காட்டிக் குடுக்க மாட்டேன் அக்கா. சத்தியமா."

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதை அவன் முழுசாக நம்பினான்.

"குடி."

அவள் குடித்தாள். சூடு சரியாக இருந்தது. சாக்லேட் பொடி போட்டிருந்தான். டம்ளரைத் திருப்பி வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"நாக்க நீட்டு."

அவள் நீட்டினாள்.