ஆயிரம் கெஜத்துக்கு ஒரு குண்டு

"இன்னும் இறுக்கு" என்றாள் லவோன்.

ஆர்வில் ஸ்பேனரில் தொங்கினார். சமையலறை மேசை விளிம்பில் குழலைக் கவ்விப் பிடித்திருந்த வைஸ் முனகியது. காப்பிக் கோப்பைகள் நடுங்கின. சாகக் கிடக்கும் தங்கையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டிய நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் பில்லிங்ஸிலிருந்து விடியற்காலையில் வண்டியெடுத்துக் கிளம்பியிருந்தார். வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் கையில் ஸ்பேனரைத் திணித்துவிட்டாள்.

"போதுமா?"

"எலுமிச்சம்பழமா பிழியிற? இறுக்குண்ணே."

கட்டிலை ஜன்னலோரம், மேசைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் புருஷன் டுவைட் முதுகுக்கு மூன்று தலையணை வைத்திருந்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் நூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைந்த கைகள் இப்போது போர்வை மேல் குச்சிகளாகக் கிடந்தன. கண் மட்டும் அப்படியே இருந்தது. மேசை முழுக்கத் துப்பாக்கியின் உறுப்புகள். மரக்கட்டைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கட்டை, குழலின் பின்வாயை மூடும் தாழ், விசை, தொலைநோக்கி, பொட்டலம் பொட்டலமாகத் திருகுகள். எல்லாம் தபாலில் ஒவ்வொன்றாக வந்தவை. அவள் ஆயுசில் துப்பாக்கி பூட்டியதில்லை. சுட்டதே போன வருஷம்தான், பக்கத்துப் பண்ணைக்காரனுடையதை இரவல் வாங்கி.

"கடையில ஒண்ணு வாங்கிருக்கலாமில்ல?" என்றார் ஆர்வில்.

"கடையில ரொட்டியும்தான் விக்கிறான்."

ஆர்வில் குழலை வைஸிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது.

"அம்மாவோட பீங்கான் தட்டெல்லாம் எங்க?"

"உன் கையிலதான் இருக்கு."

ஆர்வில் குனிந்து பார்த்தார். கையில் இருந்தது குழல். டுவைட் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

அப்பா செத்தபோது மூன்று மகன்களுக்கும் மூன்று துப்பாக்கிகள் போயின. மகளுக்குத் தட்டுகள். அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அதற்கும் முன்னால், லவோனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது, மான் வேட்டைக்கு நானும் வருவேன் என்று பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பொட்டச்சி வந்தா மான் மோப்பம் பிடிச்சிடும் என்று சொன்னது அப்பா இல்லை, ஆர்வில். அப்பா சிரித்தார், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இன்றைக்கு அப்பாவின் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இதுதான் சமயம் என்று எழுந்துபோய் எடுத்துவந்து கட்டில்மேல் வைத்தார். லவோன் போர்வையை விலக்கி, வால்நட் கட்டையை ஒருமுறை தடவினாள்.

"நல்லா வச்சிருக்கே."

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு?"

"லவோன், அன்னைக்கு நான் சொன்னது..."

"அந்தச் சின்னத் திருகை எடு. அது இல்ல. கறுப்புத் தலை உள்ளது."

ஆர்வில் கறுப்புத் தலைத் திருகை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் துப்பாக்கியை டுவைட் எடுத்துக் கோட்டு மாட்டும் மூலையில் சாத்தினான்.

அவள் இரண்டு சின்ன எஃகு அச்சுகளை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினாள். தோட்டா அளவுதான் இருக்கும். "இது உள்ள இருந்தா தாழ் மூடணும். அது உள்ள இருந்தா மூடக் கூடாது. மூடிட்டா குழல் சரியா உக்காரலன்னு அர்த்தம்."

"அப்ப என்ன ஆகும்?"

"முதல் குண்டு நீ சுடுவே."

முதல் அச்சுக்குத் தாழ் வழுக்கிக்கொண்டு மூடியது. இரண்டாவதுக்குப் பாதியில் நின்றது. ஆர்வில் இன்னும் ஒருமுறை பார்த்தார், நின்றது. லவோன் கண்ணை மூடிக்கொண்டு, "மறுபடியும்" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சொல்கிறாள் என்று தெரிந்து, மூன்றாம் முறையும் செய்துகாட்டினார்.

மதியத்துக்குள் தொலைநோக்கியை மாட்டி, வீட்டுக்குப் பின்னால் நூறு கெஜத்தில் காகிதம் ஒட்டி ஆர்வில் சுட்டுப் பார்த்தார். ஜன்னலைத் திறந்துவைத்து அவள் கட்டிலிலிருந்தே இன்னொரு தொலைநோக்கியில் பார்த்துக் கணக்குச் சொன்னாள். மேலே நாலு, இடப்பக்கம் ரெண்டு. ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியின் குமிழைத் திருப்பினார். பத்தாவது குண்டு ஒன்பதாவது போட்ட ஓட்டைக்குள்ளேயே போனது. அறுபத்தெட்டு வயதில் அவர் இப்படி ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. "எலி சுடுற தோட்டாவா இது, தோள்ல ஒண்ணுமே தெரியல" என்றார்.

"என் தோளுக்குன்னு பாத்து வாங்கினது அது."

வண்டியின் பின்தட்டில் மெத்தையைப் போட்டு, இருவருமாக அவளைத் தூக்கிக் குப்புறப் படுக்கவைத்தார்கள். கனமே இல்லை. எதிர்ச்சரிவில் ஆயிரம் கெஜத்துக்கு அப்பால், பழைய ரயில் கட்டைகளை அடுக்கி அதன்முன் ஒரு வெள்ளைத் தகட்டை டுவைட் இந்த வசந்தத்தில்தான் தொங்கவிட்டிருந்தான். வெறுங்கண்ணுக்கு ஒரு பல் மாதிரி தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் பெக்காவின் கார் வந்து நின்றது. இறங்கியவள் காரின் கதவைச் சாத்த மறந்து நின்றாள்.

"டுவைட், இது என்னங்க?"

"உடற்பயிற்சி" என்றான் டுவைட்.

"பெக்கா, காதைப் பொத்திக்கோ" என்றாள் லவோன், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். பெக்கா ஒரு விநாடி யோசித்தாள். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

புல் இடமிருந்து வலமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. லவோன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று ஆர்வில் குனிந்தபோது வெடித்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தகட்டில் பட்டிருந்தால் மணிச்சத்தம் வர வேண்டும். வரவில்லை. ஆர்வில் அந்த இன்னொரு தொலைநோக்கியில் தேடினார். காற்றில் ஏற்கெனவே புழுதி பறந்துகொண்டிருந்தது.

"எங்க போச்சு?"

"தெரியல."

"கிட்டயா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "நெசமாவே தெரியல, லவோன்."

"ரொம்பக் கிட்ட!" என்றான் டுவைட். அவன் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். லவோன் மெத்தையில் முகம் புதைத்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பாயிற்று.

"மிச்சம் நாளைக்கு" என்றாள்.

கட்டிலுக்குத் திரும்பியதும் பெக்கா மருந்துச் சொட்டு கொடுத்துவிட்டு, ஆர்விலைப் பார்த்து லேசாகத் தலையசைத்துப் போனாள். டுவைட் சூப்பை அடுப்பில் வைத்தான். குழலை எப்படிச் சுத்தம் செய்வது என்று வாசித்துக் காட்டச் சொன்னாள் லவோன். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை ஆர்வில் மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். எந்தப் பக்கமிருந்து கம்பியை விடுவது, எத்தனை முறை, எந்த எண்ணெய். இரண்டாம் பக்கத்தில் "மெதுவா" என்றாள். மெதுவாக வாசித்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில், "கேக்கிறியா?" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தின் மிச்சத்தையும், கடைசி வரியில் இருந்த எச்சரிக்கையையும் வாசித்து முடித்தார். அதற்குள் டுவைட் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் அடக்கம். மாதாகோயில் கொள்ளாமல் புல்வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வழுக்கை விழுந்தவர்களும் இருந்தார்கள். பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை தோறும் போடும் அதே மிளகாய்க் கறிக் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும். போலீஸ் உடுப்பில் ஒருவன் தட்டோடு வந்து, "எனக்கு மட்டும் ரெண்டு ரொட்டி வைப்பாங்க" என்றான். பக்கத்தில் நின்றவள் "எனக்கும்தான்" என்றாள். அதன் பிறகு அறையில் நாலைந்து பேர் சொன்னார்கள். தனக்கு மட்டும் என்று நினைத்திருந்த ஒவ்வொருவர் முகத்திலும் முதலில் ஏமாற்றம், அப்புறம் சிரிப்பு.

டுவைட் ஆர்விலின் முழங்கையைத் தொட்டான். "மச்சான், ஒரு நடை போயிட்டு வரலாமா?"

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடும் பளபளக்கும் ஷூவோடும் இருவரும் வேலியைத் தாண்டினார்கள். போய்ச் சேரக் கால் மணிக்கு மேலாயிற்று. வழியில் ஓடை ஒன்றில் ஆர்வில் ஒரு காலை நனைத்துக்கொண்டார்.

தகட்டில் ஒரு கீறல் இல்லை. வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. பின்னால் அடுக்கிய ரயில் கட்டைகள் வெயிலிலும் மழையிலும் கறுத்துச் சாம்பலாகியிருந்தன. அதில், தகட்டின் கீழ் விளிம்புக்கு நேர் கீழே, புது மரத்தின் மஞ்சளாக ஒரே ஒரு ஓட்டை.

ஆர்வில் மண்டியிட்டார். கையை விரித்து, கட்டைவிரலைத் தகட்டின் விளிம்பில் வைத்தார். சுண்டுவிரல் ஓட்டையில் பட்டது.

"ஒரு சாண்" என்றார்.

"அது நல்லதா, மச்சான்?"

ஐம்பது வருஷத்துக்கு மேலாக மான் சுடுகிறவர். தன் வாழ்நாளில் எந்தத் துப்பாக்கியிலும் முதல் குண்டை இந்தத் தூரத்தில் இவ்வளவு கிட்டப் போட்டதில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"நல்லதுதான்."

"நான் கண்ண மூடிட்டிருந்தேன். கிட்டன்னு சும்மா அடிச்சு விட்டேன்."

"எல்லாருக்கும் தெரியும்."

"ஆனா சரியாத்தானே சொல்லியிருக்கேன்?"

"சரியாத்தான் சொன்னே."

டுவைட் ரயில் கட்டையின்மேல் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இனிப்பு ரொட்டியை எடுத்துப் பாதி பிட்டுக் கொடுத்தான். பை ஓரத்துப் பஞ்செல்லாம் ஒட்டியிருந்தது. ஆர்வில் ஊதிவிட்டுத் தின்றார். எங்கோ புல்லுக்குள்ளிருந்து வானம்பாடி ஒன்று கத்தியது.

இங்கிருந்து பார்க்கையில் வீடு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சுற்றிலும் கார்கள் சிந்திய மணிகள்போல் கிடந்தன. சமையலறைக் கதவு திறந்து, யாரோ ஒரு பெண் வெளியே வந்து வெள்ளை மேசைவிரிப்பை இரண்டு முறை உதறினாள். அத்தனை தூரத்துக்குச் சத்தம் வரவில்லை. அவள் அதை மடித்துக்கொண்டு உள்ளே போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.