நடு பெஞ்சில் ஒரு போன்

எங்கள் சபையில் பிரசங்கம் என்பது ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற சமாச்சாரம் இல்லை. போதகரான என் அப்பா ஒரு கேள்வி கேட்பார். முன்வரிசை டெய்லர் அக்கா பதில் சொல்வார். அதெல்லாம் கிடையாது என்று பின்னாலிருந்து சலூன்காரர் மறுப்பார். அப்பா இருவரையும் மல்லுக்கு நிற்க விட்டுவிட்டு, கடைசியில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். இருவரும் வாயடைத்துப்போவார்கள். இவரைப்போல இன்னொரு போதகரை நான் பார்த்ததில்லை. மகள்தானே, அப்படித்தான் சொல்லுவாள் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை.

இப்படிப்பட்டவரின் பிரசங்க மேடைக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் என் தாய்மாமா. ஹார்டுவேர் கடைக்காரர், சபைக்குச் செயலர். பிழைப்புக்காகப் பாதிச் சபை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பெருநகரத்தில் ஒரு பெரிய சபை இருக்கிறது. அவர்கள் இலவசமாக ஒரு திரை மாட்டித் தருவார்களாம். ஞாயிறுதோறும் அவர்கள் போதகரின் பிரசங்கம் அதில் நேரலையாக வருமாம். அப்பா ஜெபம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம், அதில் முடிவு என்றார் மாமா. சபை சொல்கிறபடி ஆகட்டும் என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அவருக்கு வராத கோபமெல்லாம் எனக்கு வந்தது. நேராக மாமா கடைக்குப் போய்ப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போனவங்கல்லாம் அந்தப் பெரிய சபைப் பிரசங்கத்தைத்தான் போன்ல கேக்கிறாங்க. உங்கப்பா பேசுறது நம்ம சுவரைத் தாண்டலையே, அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

நான் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். என்னிடமே இந்தப் பேச்சா? தாண்ட வைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தேன்.

முதலில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் நின்ற அப்பா கரிக்கட்டையாகத் தெரிந்தார். அதுவும் கேமராவைக் கண்டதும், திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். அனுப்பினால் அதைத் திறக்கவே பாதிப் பேரிடம் டேட்டா இல்லை. சரி, குரல் மட்டும் போதும் என்று முடிவெடுத்தேன். திரை உடைந்து என் கடையில் கிடந்த ஒரு போனை அப்பா சட்டைப் பையில் போட்டு, காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தாலும் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் குரல் கணீரென்று விழுந்தது. செலவு என்று பார்த்தால் அந்த மைக் ஒன்றுதான்.

ஆனால் போட்டுக் கேட்டபோது ஒரு வில்லங்கம். அப்பா கேள்வி கேட்கிறார், நிசப்தம். "அப்படியா சொல்றீங்க?" என்கிறார், நிசப்தம். தானாகச் சிரிக்கிறார். பதில் சொன்னவர்கள் குரல் ஒன்றும் விழவில்லை. கேட்பவர்கள் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். இலவசச் செயலி ஒன்றை வைத்து உட்கார்ந்து, இடைவெளிகளையும் கேள்விகளையும் நறுக்கியெடுத்து ஒட்டினேன். வழவழவென்று ஒரு பிரசங்கம் கிடைத்தது. அளவைச் சுருக்கி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் சபைப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, ஐயா நல்லாத்தான் பேசுறார். ஆனா சர்ச்சுல ஆளே இல்லையா? எல்லாருமே போயிட்டாங்களா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாவின் மேடையைக் காப்பாற்றக் கிளம்பியவள், அவரிடமிருந்து சபையையே வெட்டி எறிந்திருந்தேன். திரையில் ஒருவர் தனியாகப் பேசுவதற்கும் நான் செய்து வைத்ததற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பெரிய சபைக்காரராவது பார்க்க லட்சணமாக இருப்பார்.

அடுத்த ஞாயிறு இன்னொரு உடைந்த போனை எடுத்துக்கொண்டு போனேன். நடு பெஞ்சில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தேன். அப்பாவின் குரல் ஒன்றில், சபையின் குரல் இன்னொன்றில். இரண்டு பதிவும் பிசகாமல் பொருந்த வேண்டுமானால் ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே ஒரு முறை சேர்ந்து கைதட்ட வேண்டும், அந்தச் சத்தத்தை வைத்து நான் பொருத்திக்கொள்வேன் என்று விளக்கினேன். லேசான காரியம்தான், ஆனால் எங்கள் ஆட்கள் லேசில் விடுவார்களா? டெய்லர் அக்கா எல்லாருக்கும் பிறகு தட்டினார். சலூன்காரர் ஒன்றுக்கு இரண்டாகத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டியதில் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடு பெஞ்சின் ஓரத்தில் மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பதிவு போனதும் குழு அமளிதுமளிப்பட்டது. டெய்லர் அக்கா இன்னும் மாறவில்லை என்றார் ஒருவர். நடுவில் இருமியது தன் அப்பாதானே, மருந்து சாப்பிடுகிறாரா என்றார் இன்னொருவர். அதோடு விட்டார்களா? அப்பா கேட்ட கேள்விக்கு ஆளாளுக்குப் பதில் பேசி அனுப்பினார்கள். நர்ஸ் ஒன்று அனுப்பினாள். எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் தம்பி ஒன்று அனுப்பினான். அவற்றை அடுத்த வாரம் ஆலயத்தில் போட்டுக் காட்டச் சொன்னார் அப்பா. டிரைவர் சொல்வது தப்பு என்று சலூன்காரர் அந்தப் போனோடு சண்டைக்கே போய்விட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் மாமா கூட்டத்தை ரத்து செய்யவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. நூறு ஆடுகளில் தொலைந்துபோன ஒன்றைப் பற்றிய பைபிள் கதையை அப்பா எடுத்துக்கொண்டார். வெளியே போனவர்களை மனதில் வைத்துத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வேறு பக்கம் திரும்பினார்.

"நாம எப்பவும் தொலைஞ்ச ஒண்ணைப் பத்தியே பேசுறோம். அதைத் தேடி மேய்ப்பன் போயிட்டான். மத்த தொண்ணூத்தொம்பது ஆட்டையும் யார் பாத்துக்கிட்டா?"

கடவுள்தான் என்றார் டெய்லர் அக்கா. நாய் இருந்திருக்கும் என்றார் சலூன்காரர். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டிராத குரல்.

"ஒருத்தன் இருந்திருப்பான் ஐயா," என்றார் மாமா. "கூரை ஒழுகுதான்னு பாத்துக்கிட்டு, கரண்டு பில்லைக் கட்டிக்கிட்டு, எல்லாரும் போனப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு. தேடிப் போனவரைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. தொலைஞ்சதைப் பத்தியும் பேசுவாங்க. இவனைப் பத்தி யார் பேசுறா?"

அப்பா தன் வழக்கம்போல மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கி மாமாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார்.

"எனக்குப் பதில் தெரியலை மாப்ள," என்றார். "இத்தனை வருஷமா இந்த மேடையில பேசுறேன், அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. அது என் தப்பு."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அந்தப் பெஞ்சின் அருகிலேயே நின்று ஜெபித்து ஆராதனையை முடித்தார்.

பிறகு கூட்டம். மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். அந்தத் திரை நல்லதுதான், படம் பளிச்சென்று தெரிகிறது, அவர்களுக்கு நல்ல மனசு என்றெல்லாம் ஆரம்பித்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஆனா இன்னிக்கு நான் கேட்டேன் பாருங்க, அதைத் திரைகிட்ட கேட்டிருந்தா அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுப் போயிருக்கும்," என்றார். "நமக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்."

எல்லாரும் கலைந்தபின், நான் போனை எடுக்கப் போனபோது மாமா பின்னால் வந்து நின்றார்.

"நான் பேசினது அதுல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு மாமா."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் கூச்சமாக இருக்கும், எடுத்துவிடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அந்தப் போனைத் துண்டோடு எடுத்து என் கையில் வைத்தார்.

"வெட்டிடாதே," என்றார்.

வெட்டவில்லை. மாமாவின் பேச்சையும், அதற்குப் பின் அப்பா ஒன்றும் சொல்லாமல் நின்ற அத்தனை நேரத்தையும் அப்படியே அனுப்பினேன். அப்பா பேசி அசத்திய பிரசங்கங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இவர் என் அப்பா என்று உலகத்துக்கே கேட்கும்படி நான் சொல்ல நினைத்தது, பதில் தெரியாமல் அவர் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.