பதினாலாம் அறை சமாதான சபையில் சேர்ந்த வரலாறு

கீழக்கரை செய்கு முகம்மதுவாகிய நான், என் இரண்டு கண்களின் மேல் சத்தியமாக எழுதுகிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இடது கண்ணில் புரை விழுந்திருப்பது உண்மைதான். நம்பிக்கை வராதவர்கள் வலது கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

2004ஆம் வருஷம், கார்த்திகை மாதம். துபாயில் அல் குசைஸ் பக்கம் எங்கள் தொழிலாளர் கேம்ப். இருபத்திரண்டு அறைகளுக்கும் சேர்த்து ஒரே சமையல்கூடம். அறைக்கு ஒரு அடுப்பு. அடுப்புக்கு நேரே சுவரில் அறை எண் எழுதியிருக்கும். அடுத்த அறை அடுப்பில் சட்டி வைப்பது, பாஸ்போர்ட் இல்லாமல் அடுத்த நாட்டுக்குள் போவது மாதிரி.

நான் ஸ்டோர் கீப்பர். பதினாலாம் அறையில் என்னோடு இரண்டு பேர். முதுகுளத்தூர் ரெங்கராஜ் கொத்தனார், வீம்புக்காரன். கௌஸ் முகைதீன் எலெக்ட்ரீஷியன், எங்கள் ஊர்ப் பையன், இளகிய மனசு. என்னைக் காக்கா என்பான். எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

பதினைந்தாம் அறை சரவணகுமார் அந்த மாதம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அவனுக்காக அந்த அறை முழுக்க சைவம். அடுப்பைக்கூட மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தார்கள். அன்று பார்த்து எங்கள் அடுப்பு அடைத்துக்கொண்டது. ரெங்கராஜ் என்ன செய்தான்? கழுவிச் சுத்தமாயிருந்த அந்த அடுப்பில் நெத்திலிக் கருவாட்டைப் பொரித்துவிட்டான்.

புகை விமான நிலையம் வரை போனது. கராச்சியிலிருந்து வந்த விமானம் ஒன்று இறங்க மனமில்லாமல் மூன்று சுற்று சுற்றியது. விமானி பிற்பாடு என்னிடம் சொன்னார், மூன்றாவது சுற்று பசியால் என்று.

யுத்தம் பதினோரு நாள் நடந்தது. சட்டி மூடிகள்தான் கேடயம். எங்கள் குக்கரின் வெயிட் ஒன்று விசிலடித்துக்கொண்டே ஷார்ஜா பக்கம் பறந்தது, இன்னும் இறங்கியதாகத் தகவல் இல்லை. பன்னிரண்டாம் நாள் அரிசி தீர்ந்து இரு தரப்பும் ஓய்ந்தன.

யுத்தம் முடிந்தால் உலகத்தில் என்ன செய்வார்கள்? சபை வைப்பார்கள். எங்கள் கேம்ப்பிலும் வைத்தார்கள். ஒரு அறையைத் தொட்டால் மற்ற எல்லா அறைகளும் எழுந்து வர வேண்டும் என்பது சட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். இருபத்தோரு அறைகள் சேர்ந்துவிட்டன. பதினாலாம் அறைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கருவாடு பொரித்தவர் எல்லோர் முன்னாலும் “தப்பாயிடுச்சு” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் விவாதம் தொடங்கியது.

“ஒன்பதாம் ரூம்காரன் தண்ணி டேங்க் சண்டைக்கு நான் ஏன் பாய் மண்டையக் குடுக்கணும்? சின்ன ரூமா இருந்தாலும் நம்மது தனி நாடு” என்றான் ரெங்கராஜ்.

“பெரிய நாடு! குளியலறைக்கு வரிசையில நிக்கிற நாடு” என்றான் கௌஸ். “தனியா இருந்து என்னத்தக் கண்டோம் காக்கா? அங்க எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத் தின்னுறாங்க. நாம கதவச் சாத்திக்கிட்டுக் காஞ்ச குப்பூஸ் ரொட்டியக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கோம்.”

இரண்டு வெள்ளிக்கிழமைகள் விவாதத்திலேயே போயின. முற்றத்துச் சிரிப்புச் சத்தம் ஏ.சி.யை மீறிக் கேட்கும். மூன்றாம் வெள்ளி, ரெங்கராஜ் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான்.

“பாய், நான் தப்புன்னு சொல்லி, அவன் ‘போய்யா’ன்னுட்டா? இப்ப கதவ நாமளா சாத்திருக்கோம். அப்புறம் அவங்க சாத்துனதா ஆயிடும்.”

கௌஸ் எழுந்து போய் ஏ.சி.யைக் கூட்டி வைத்தான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. சரவணகுமார். கறுப்பு வேட்டி, தாடி. மாலை போட்டவன் யாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவான்.

“பாய் சாமி, ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு. யார் மேலயும் மனத்தாங்கல் வச்சிக்கிட்டு மலை ஏறக்கூடாது. வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. சாப்பாடு ஆறுது.”

“ரெங்கராஜ் ஒத்துக்க மாட்டேங்குறான்” என்றேன்.

அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அவரு சார்பா நீங்க சொன்னாலும் சரிதான் சாமி.”

ஓட்டுப் போட்டோம். கௌஸ் சேர வேண்டும் என்றான். ரெங்கராஜ் கூடாது என்றான். மூன்றாவது ஓட்டு என்னுடையது. சட்டையை மாற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

விரிப்பில் எழுபது எண்பது பேர். எல்லோரும் வாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் பேச உரை தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

“ரெங்கராஜ் சொல்லச் சொன்னான். தப்பாயிடுச்சு.”

என் கால் திரும்பப் பார்த்தது.

“கலாஸ். முடிஞ்சிது” என்றான் சரவணகுமார். “நவுந்து உக்காருங்கப்பா, பாய் சாமிக்கு எடம் விடுங்க. ரெங்கராஜ் சாமி இவ்வளவு நல்ல மனுசன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

யாரோ சிரித்தார்கள். எனக்கு ஒரு தட்டு வந்தது. சரவணகுமாரின் விரதத்தை உத்தேசித்து இருபத்தோரு அறைகளும் அன்று சாம்பார் சாதம்தான் தின்றன. நான் மூன்று முறை வாங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் முழங்கை சாப்பிடும்போதெல்லாம் என் விலாவில் இடித்தது. தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், “ரூம்ல ரெண்டு பேரு கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கானுவ. ரெண்டு பார்சல் கெடைக்குமா?”

சரவணகுமார் மறு பேச்சுப் பேசாமல் இரண்டு டப்பாக்களில் சாதம் வைத்து மூடிக் கொடுத்தான். ஒன்றில் அப்பளம்கூட வைத்தான்.

“இது ரெங்கராஜ் சாமிக்கு” என்றான்.

ரெங்கராஜும் கௌஸ் முகைதீனும் அந்தக் கார்த்திகைக்கு ஐந்து மாதம் முன்னால், ஜூனிலேயே, கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அறையில் அப்போது நான் மட்டும்தான்.