பூசையில் வைக்காத கம்ப்ரஸர்

ஆயுத பூசையன்று சௌம்யா தன் புருஷனின் ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒவ்வொரு இரும்புக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தாள். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, மேசையில் இறுக்கியிருந்த வைஸ் என்று எதையும் விடவில்லை. மனோஜ்குமார் ஆசையாக வாங்கிய புது ஸ்பிரிங் கம்ப்ரஸரைப் பட்டுத்துணி விரித்து சாமி படங்களுக்கு முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் சாமுண்டி, ஒரு பக்கம் மாதேஸ்வரன், நடுவில் கம்ப்ரஸர். அதற்கும் ஒரு முழம் செவ்வந்தி.

காரின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுப் பிடித்து, திருகித் திருகி அமுக்கி வைக்கிற கருவி அது. அமுக்கிய ஸ்பிரிங் பிடி நழுவினால் எதிரே இருக்கிறவன் கதி அவ்வளவுதான். அதனால் மனோஜ் அந்த வேலைக்கு மட்டும் ரொம்பப் பயப்படுவான். ஒர்க்‌ஷாப் இருந்த விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் மற்ற மெக்கானிக்குகள் கயிறு கட்டியும் கம்பி சுற்றியும் முடித்துவிடுகிற வேலைக்கு இவன் அரை நாள் எடுத்துக்கொள்வான். கேலி செய்தால், "எனக்கு என்ர கழுத்து வேணுமப்பா" என்று சிரித்துவிட்டுப் போவான்.

பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஊரில் பாதிப் பேர் இதை ஒப்புக்குச் செய்கிறவர்கள். சௌம்யா அப்படியில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பூசை நாளில், வழியில் நின்றுபோன யாரோ ஒருவர் காருக்காக மனோஜ் ஒரு ஸ்பேனரை எடுத்துவிட்டான். அந்த மாசமே அவள் வயிற்றில் இருந்த பிள்ளை அசைவில்லாமல் போனது. ஸ்பேனருக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் உட்கார்ந்து நியாயம் பேச யாருக்கு மனசு வரும்? மனோஜுக்கு வரவில்லை. இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளை எப்போது உதைக்கும் என்று ராவும் பகலும் அதே நினைப்பு.

பூசை முடிந்து ஷட்டரை இறக்கப் போகும்போது லிங்கப்பன் வந்து சேர்ந்தான். சௌம்யாவின் தம்பி. கொள்ளேகாலில் இருந்து டாக்சி ஓட்டுகிறவன். கார் இடது பக்கம் சாய்ந்துகொண்டு, காலில் முள் ஏறிய மாடு மாதிரி நொண்டி நொண்டி வந்து நின்றது.

"மச்சான், முன்னால ஸ்பிரிங் முறிஞ்சு போச்சுங்க. நேத்தே சத்தம் வந்துச்சு, புதுசு ஒன்னு வாங்கி டிக்கியில போட்டிருக்கேன். மாட்டிக் குடுத்துருங்க. விடியால இங்கிருந்து ஒரு பார்ட்டியக் கூட்டிக்கிட்டு மேல்கோட்டை போகோணும்."

"இன்னைக்கு எதையும் தொடறதில்ல மாப்ள. காத்தால வா, மொத வேலையா செஞ்சர்லாம்."

"காத்தாலக்குள்ள நான் பார்ட்டி ஊட்டு முன்னால நிக்கோணுமுங்க. வேற ஒர்க்‌ஷாப் ஒன்னுகூடத் தொறக்கல. ட்ராவல்ஸ்காரன்கிட்ட ஏற்கெனவே ரெண்டு வாட்டி கெட்ட பேரு வாங்கிட்டேன். இதும் போச்சுன்னா அவன் இனி என்னைக் கூப்பிடவே மாட்டான்."

மனோஜுக்கு மச்சினன் மேல் பிரியம் அதிகம். யோசித்தான். பிறகு சாமி படங்களைப் பார்த்து, "இந்தக் கம்ப்ரஸர் ஒன்ன மட்டும் எடுத்துக்கறேன்" என்று கையை நீட்டினான்.

"ஏனுங்க" என்றாள் சௌம்யா. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மனோஜ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

லிங்கப்பன் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. பின்பக்கம் பழைய இரும்புக்குப் போடக் குவித்து வைத்திருந்த குப்பையைக் கிளறினான். துருப்பிடித்த பழைய கம்ப்ரஸர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இதுக்குப் பொட்டு வெக்கலியே அக்கா?"

"குப்பைக்கு எதுக்குப் பொட்டு?" என்றாள் சௌம்யா. அப்படிச் சொன்னவுடனே அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. தம்பிக்கும் வேலை நடக்கும், சாமிக்கும் குறை இருக்காது. "அதுலயே செய்யுங்களேன்" என்று அவளே சொன்னாள்.

"அது ஆகாது புள்ள. மரை தேஞ்சு போச்சு. ஒரு கொக்கி வாயப் பொளந்துக்கிச்சு. ஆகாதுன்னுதான தூக்கிப் போட்டேன்?"

"ஸ்வல்ப ஜாக்கிரதையாச் செஞ்சாப் போச்சு மச்சான். நீங்க வேண்டாம்னாச் சொல்லுங்க, நானே மாட்டிக்கறேன்" என்று லிங்கப்பன் காருக்கு அடியில் ஜாக்கியைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். ஜாக்கியும் ஸ்பேனர்களும் அவன் காரிலேயே இருந்தவை. அவற்றுக்கும் பூசை போடவில்லை.

அவனைத் தனியே செய்ய விடுவதைவிடத் தானே செய்வது மேல் என்று மனோஜ் உட்கார்ந்தான். வாங்கி வைத்த நல்ல கருவி கைக்கெட்டும் தூரத்தில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆகாது என்று தான் தூக்கி எறிந்ததைக் கையில் எடுத்தான். பெண்டாட்டி மனசு நோகக் கூடாது, மச்சினன் முகம் வாடக் கூடாது. நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவனைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. உலுக்க அங்கே ஆள் இல்லை.

முறிந்ததைக் கழற்றுகிற முதல் பாதி வேலை சுலபமாக முடிந்தது. அதுதான் வினை. முறிந்த ஸ்பிரிங்கில் விறைப்பு அதிகம் இல்லை. பழைய கம்ப்ரஸர் அதை முனகிக்கொண்டே பிடித்தது. லிங்கப்பன் கைதட்டாத குறையாக, "பாத்தீங்களா மச்சான், சும்மா பயந்தீங்க" என்றான். சௌம்யாவும் சிரித்தாள். பூசைக்கு வைத்த பொரியும் கடலையும் கிண்ணத்தில் போட்டுக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

புது ஸ்பிரிங் வேறு மாதிரி. முழு உயரம், முழு விறைப்பு. வைஸில் பொட்டு இருந்ததால், ஸ்பிரிங்குக்கு நடுவில் நிற்கிற ஷாக் அப்சார்பரை அதில் இறுக்க முடியவில்லை. லிங்கப்பன் தரையில் மண்டி போட்டு, அதைத் தொடைகளுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். மனோஜ் ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினான். ஸ்பிரிங் சுருங்கியது. மேலே மூடியை வைத்தார்கள். நட்டு பிடிக்க இன்னும் கொஞ்சம் அமுங்க வேண்டியிருந்தது. லிங்கப்பன் மூடியின் மேல் கையை ஊன்றி, குனிந்து அழுத்தினான். மனோஜ் இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.

டிக் என்று ஒரு சத்தம்.

வாய் பிளந்திருந்த கொக்கி ஸ்பிரிங்கின் வளையத்தில் இருந்து நழுவி விளிம்பில் நின்றது. ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்துகொண்டது. மனோஜ் உள்ளங்கையால் கொக்கியை அமுக்கிப் பிடித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பைச் சௌம்யா பார்த்ததே இல்லை.

"மாப்ள, ஆடாத. கையவும் எடுக்காத. மூச்சுகூடப் பைய உடு" என்றான். பிறகு தலையைத் திருப்பாமலே, "சௌம்யா, புது கம்ப்ரஸர எடுத்துட்டு வா. இந்தப் பக்கம் போட்டுப் புடிச்சிட்டாத் தப்பிச்சோம். பேகா, சீக்கிரம்!" என்றான்.

அவள் ஓடினாள். பத்தடி தூரம்கூட இல்லை. பட்டுத்துணியின் முன்னால் போய் நின்றாள், கை நீட்டினாள், கை அந்தரத்தில் நின்றுவிட்டது. குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயிற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. போன தடவையும் இப்படித்தான் அசையாமல் இருந்தது.

ஒரு கற்பூரம் காட்டிவிட்டு எடுத்தால் தப்பில்லை என்று தோன்றியது அவளுக்கு. ஒரே ஒரு கற்பூரம். எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? தட்டில் கற்பூரத்தை வைத்து விளக்கில் இருந்து பற்ற வைத்தாள். முதலில் பற்றவில்லை. பிறகு பற்றியது.

"சௌம்யா!"

"இதோ வந்தாச்சுங்க!"

சுற்றிக் காட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதேஸ்வரா, தெரிஞ்சு செய்யறது, பொறுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டாள். முறைப்படி கம்ப்ரஸரை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினாள். தூக்கிக் கையில் எடுத்தாள்.

அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவளுக்கு அது காதில் விழுந்தது போலவே இல்லை. திரும்பியபோது ஸ்பிரிங் சுவரோரம் உருண்டுகொண்டிருந்தது. மனோஜ் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். லிங்கப்பன் கத்தவில்லை. மல்லாந்து கிடந்தான். தாடைக்குக் கீழே பார்க்க முடியாதபடி இருந்தது. பொரி தரையெங்கும் சிதறியிருந்தது.

வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்று கிடைத்தது. தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்ததால் டிரைவர் வளைத்து வளைத்து ஓட்டினான். தம்பியின் தலை சௌம்யாவின் மடியில் கிடந்தது. "அக்கா இருக்கறேன் சாமி, அக்கா இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று உள்ளே இருந்து வந்த டாக்டர் சொன்னார். கன்னடத்தில் சொன்னார். எந்தப் பாஷையில் சொன்னால் என்ன?

மனோஜின் கைக்குக் கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சௌம்யா அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொள்ளேகாலில் அம்மாவுக்கு யார் சொல்வது என்று இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை.

மோலி என்று ஒரு நர்ஸ் வந்தாள். தமிழ்ப் பெண். அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, கையில என்ன அது?"

சௌம்யா குனிந்து பார்த்தாள். கம்ப்ரஸர். ஆட்டோவிலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மாலை எங்கோ அறுந்து விழுந்திருந்தது. பொட்டு அப்படியே இருந்தது.

"அதக் கீழ வெச்சிட்டு உள்ள வந்து உங்க தம்பியப் பாத்துக்குங்க அக்கா."

"பூசையில வெச்சதுங்க. தரையில வெக்கக்கூடாது" என்றாள் சௌம்யா.

வாயில் இருந்து வந்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. மனோஜ் தலை நிமிர்ந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்ததில் இருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தான். அவள் முகத்தை, கம்ப்ரஸரை, தட்டின் கரி ஒட்டியிருந்த அவள் விரல் நுனிகளைப் பார்த்தான்.

"கற்பூரம் காட்டினியா?" என்று கேட்டான்.

"ம்."

அவன் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவன் மறுபடியும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

சௌம்யா மெதுவாகக் குனிந்து கம்ப்ரஸரை அவன் செருப்புக்குப் பக்கத்தில், வெறும் தரையில் வைத்தாள். நிமிரும்போது வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. தப்பே இல்லை, நன்றாகவே உதைத்தது. இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்த உதை. அவனிடம் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். சொல்லாமல் நர்ஸின் பின்னால் உள்ளே போனாள்.