மாப்பிள்ளை சுற்றிய டேப்

பம்பு அறைக் கதவைத் திறந்ததுமே மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நீச்சல்குளத்துத் தண்ணீரை இழுத்து வரும் குழாய் பம்புக்குள் நுழைகிற இடத்தில், திருகு மரையில் சுற்றிய வெள்ளை டேப் பிசிறு பிசிறாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பை மரை இறுகுகிற திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முடுக்க முடுக்கக் கழன்றுகொண்டே வரும். சுற்றியவர் இடது கைக்காரர். போன ஞாயிற்றுக்கிழமை, "நீங்க எதுக்கு அத்தை அலையணும், நானே பார்த்துக்கிறேன்" என்று வந்து மாட்டிவிட்டுப் போனவர். சாட்சாத் மாப்பிள்ளை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இருபத்திரண்டு வருடமாகக் குளத்து பம்புகளைப் பிரித்து மாட்டுகிறவள். அவள் வாயில் விழுந்து எழுந்திருக்காத எலக்ட்ரீஷியன் கிடையாது, கொத்தனார் கிடையாது. மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. கல்யாணமான புதிதில் அவர் ஆணி அடித்த அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போய், மனிதர் அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "இனிமே அவர் செஞ்ச வேலையில குத்தம் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா" என்று மகள் கையை நீட்டினாள். இவளும் அடித்துக் கொடுத்தாள்.

அதே மகள்தான் இன்று நான்கு மணிக்கு இந்தக் குளத்தில் தன் முதல் நீச்சல் வகுப்பை ஆரம்பிக்கிறாள். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற பதினொரு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பம்பு சரியாக ஓடாவிட்டால் அந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று குளத்து முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி பதினொன்று. பம்பின் கண்ணாடி மூடிக்குள், குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி ஒரே குமிழி.

"எங்கயும் ஒரு சொட்டு ஒழுகலையே அத்தை," கூடவே வந்திருந்த மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "பம்பு பழசாயிடுச்சு. மாத்திடறதுதான் நல்லது."

"இந்தப் பக்கம் ஒழுகாது மாப்பிள்ளை. இது பம்பு உறிஞ்சுற பக்கம். ஓட்டை இருந்தா தண்ணி வெளிய வராது, காத்துதான் உள்ள போகும்." சொல்லிவிட்டு அந்த டேப்பைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று முடிவு செய்தாள். நாலு இடத்தைப் பார்த்தால் ஐந்தாவதாக அவரே அதைப் பார்த்துவிட மாட்டாரா? மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் தடவினாள். குமிழி நிற்கவில்லை. அடியில் இருக்கிற வடிகால் திருகை முடுக்கினாள். வால்வைப் பிரித்து மாட்டினாள். நன்றாக இருக்கிற உடம்புக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே மணி இரண்டு ஆகிவிட்டது.

"ஷேவிங் நுரை இருக்கா மாப்பிள்ளை? பம்பு ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பு மேலயும் வைங்க. நுரை எங்க உள்ள இழுபடுதோ அங்கதான் ஓட்டை."

அவரும் பார்த்துப் பார்த்து வைத்தார். ஒரு இணைப்பு பாக்கியில்லை, அந்த ஒன்றைத் தவிர.

"அங்கயும் கொஞ்சம்..."

"அது புதுசு அத்தை. போன வாரம் போட்டது."

"ஓ, புதுசா," என்று மென்று விழுங்கினாள்.

மூன்று மணிக்கு மகள் வந்து நின்றாள். நீச்சல் உடைக்கு மேல் துண்டு, கழுத்தில் விசில். குமிழியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடவாம்மா?"

குரல் உடைந்திருந்தது. மாமியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! நுரை டப்பாவைப் பிடுங்கி அந்த இணைப்பின் மேல் அமுக்கினாள். வைத்த நுரை சர்ரென்று உள்ளே போய்விட்டது.

 மாப்பிள்ளை டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குக் காலையிலயே தெரியும் அத்தை. பிசிறைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்க. இப்போ திட்டுவீங்க, இப்போ திட்டுவீங்கன்னு நின்னேன். நானா சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நான் எதுக்கு மாப்பிள்ளை உங்களை..."

"அதான். தெருவுல போறவனைக்கூடத் திட்டுறீங்க. என்னை மட்டும் விருந்தாளி மாதிரியே வச்சிருக்கீங்க."

"அன்னைக்கு ஆணி விஷயத்துல சாப்பிடாம போனீங்களே?" என்றாள் மகள்.

"அன்னைக்கு எனக்குப் பல்வலி!"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஒரு நொடிதான். அடுத்த நொடி பம்பை நிறுத்திவிட்டு ஆரம்பித்தாள். 'நீங்க'வை மட்டும் விடவில்லை, மற்ற மரியாதையெல்லாம் பறந்தது.

"நாலு மணி நேரம்! தெரிஞ்சுக்கிட்டே கல்லு மாதிரி நின்னீங்களா? அறிவுன்னு ஒண்ணு இருக்கா? ஸ்பேனரை எடுங்க! அது இல்ல, பெருசு! இதைத் திருகத் தெரியாதவருக்கு பம்பு பழசாம் பம்பு!"

பழைய டேப்பை உரித்து, மரையைத் துடைத்து, புது டேப்பைச் சரியான பக்கம் அவரையே சுற்ற வைத்தாள். மூன்றே முக்காலுக்குக் கண்ணாடி மூடிக்குள் ஒரு குமிழி இல்லை. திட்டு மட்டும் நிற்கவில்லை.

குளத்துப் படியில் பதினொரு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி பம்பு அறைப் பக்கம் பயந்து பயந்து பார்த்தாள். "உள்ள யாரும்மா, இந்தக் கத்து கத்துறது?"

"எங்க அம்மா," என்றாள் மகள். சிரிப்பு அவளுக்கு முகம் கொள்ளவில்லை. "வீட்டு ஆளைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க. நீங்க இறங்குங்க."