மெதுவான வயர்

2003ஆம் ஆண்டிலிருந்து, இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைத்தெருவில் கோபிசங்கரின் கொம்யூனிகேசன் கடையில், ஒரு பிளொப்பி தட்டு ஓடி முடிகிற நேரத்துக்கு மட்டும், குவைத்தில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பேச்சியம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் வேலை செய்த வீட்டின் மூத்த மகள் நல்லவள்; மாதம் ஒரு தடவை அவளைப் படம் பிடித்துத் தட்டில் போட்டுக் கொடுப்பாள், பேச்சியம்மா அதைத் தபாலில் அனுப்புவாள். தட்டைக் கம்ப்யூட்டரில் செருகியதும் கரகரவென்று அரைக்கும், திரையில் ஒரு நீலக் கோடு நீளும். கோடு நீள்கிற வரைக்கும் பேச்சியம்மா கவுனும் பிளீச் வாசமுமாக அங்கே இருப்பாள். கோடு நிறைந்ததும் இருக்க மாட்டாள். மற்றவர்களின் தட்டுகளில் வெறும் படம்தான் வந்தது. ஏன் என்று நோர்வூட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஹோட்டல்காரர் முதல் தடவை ஒரு பிளேன்டீ கொடுத்தனுப்பினார். அவள் கிளாசைத் தொடுவதற்குள் போய்விட்டதால் அடுத்த தடவை அனுப்பவில்லை.

அவள் புருசன் அழகுமுத்து தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மகள் தனுஜா தவழ்ந்துகொண்டிருந்தபோது பேச்சியம்மா விமானம் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்குப் பவுடர் போட்டுக் கடைக்குத் தூக்கிவருவான் அழகுமுத்து. அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: பிள்ளை ஒரு தடவையாவது தாயிடம் போக வேண்டும். ஆனால் தனுஜாவின் கூச்சம் லேசுப்பட்டதல்ல. பேச்சியம்மா கையை நீட்டி "வாடி தங்கம்" என்றதும் அப்பனின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். ஒளிந்தவள் எட்டிப் பார்க்க ஒரு நிமிஷமாகும். தட்டு ஓடுவதும் ஒரு நிமிஷம்தான். தட்டைத் திரும்பப் போட்டால் பேச்சியம்மா திரும்ப வருவாள், பிள்ளையின் கூச்சமும் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்த வருஷம் கோபிசங்கர் போன் வயரில் இன்டர்நெட் எடுத்தான். குவைத் வீட்டு மூத்த மகளும் தட்டுக்குப் பதிலாகப் படத்தை மெயிலில் அனுப்பத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து, இடம்பெயர்ந்து மலைநாட்டுக்கு வந்தவன் அவன். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல எந்த வயர் எவ்வளவு வேகம் என்று சொல்லிக்கொண்டிருப்பான். தட்டு ஒரு நிமிஷத்தில் தருவதைப் போன் வயர் தர ஏழு நிமிஷமானதில் அவனுக்கு மானம் போனது. அழகுமுத்துவுக்கோ தலைகால் புரியவில்லை. ஏழு நிமிஷத்தில் தனுஜா காலைவிட்டு வெளியே வந்தாள். ஒரு நாள் தாயின் கவுன் பொத்தானைத் தொட்டும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ லைனில் கூப்பிட, இணைப்பு அறுந்து, பேச்சியம்மா சிரித்த வாயோடு இல்லாமல் போனாள். பிள்ளை தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றது.

2006இல் புதிய பிராட்பேண்ட் வந்தது. கோபிசங்கர் வாசலில் மாலை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தான். ஏழு நிமிஷ வேலை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்தது. பேச்சியம்மா தோன்றினாள், வாயைத் திறந்தாள், போய்விட்டாள். நாலு வயதுத் தனுஜா "பேய்! பேய்!" என்று அலறி, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த, கூட வந்திருந்த மீனம்மாவைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். அழகுமுத்து லட்டைக் கீழே வைத்துவிட்டான். பாவம், அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பழைய தட்டுகளோ மழை மாதத்தில் பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தன.

"மாஸ்டர், இதவிட மெதுவா போறது ஒண்ணு இல்லீங்களா?" என்று அழகுமுத்து கேட்டான்.

கடை வைத்த நாளிலிருந்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். கோபிசங்கர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு, "இருக்கண்ணை. வெக்கத்தில ஒருத்தருக்கும் காட்டாமல் வச்சிருக்கிறன்," என்றான்.

அது ஒரு பழைய சீரியல் கேபிள். அந்தக் காலத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கட்ட வைத்திருந்தது. அடுத்த ஞாயிறு விடியற்காலையில் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்து, வேகத்தை ஆகக் கீழே இறக்கி, அந்த மாதத்துப் படத்தை ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பிவிட்டான். நீலக் கோடு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பேச்சியம்மா வந்தாள், வந்தவள் இருந்தாள். ஹோட்டல்காரர் அனுப்பிய பிளேன்டீயைக் குடித்து முடித்தாள், இன்னொன்று கேட்டாள். தனுஜா மீனம்மா மடியிலிருந்து முறைத்தாள், அப்பன் காலுக்குப் பின்னால் போனாள், அலுத்துப்போய் வெளியே வந்தாள். மத்தியானம் பேச்சியம்மா பிசைந்து கொடுத்த சோற்றை முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கினாள். வெயில் சாய்ந்தபோது தாயின் மடியிலேயே தூங்கிப்போனாள். கடையில் இருந்தவர்கள் இருமலைக்கூட வெளியே போய் இருமினார்கள். பொழுது சாய்ந்து கோடு நிறையப் போகிற சமயம் பேச்சியம்மாவே பிள்ளையைத் தூக்கி அழகுமுத்துவின் கையில் கொடுத்தாள்.

அந்த வாரமே குவைத்திலிருந்து போன் வந்தது. அந்த ஞாயிறு பேச்சியம்மா குசினியில் அடுப்போரமாக உட்கார்ந்தபடியே பகல் முழுக்கத் தூங்கிவிட்டாளாம், யார் உலுக்கியும் எழும்பவில்லையாம், மெடம் ஏசினாளாம்.

"எந்திரிச்சுப் பாத்தா மடியெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சுங்க" என்றாள்.

அழகுமுத்து கூனிக் குறுகிப் போனான். "புள்ள தூக்கத்துல ஒண்ணுக்குப் போயிருச்சு பேச்சி. கோவிச்சுக்காத."

"நா ஏன் கோவிக்கிறேன்? அந்த கவுன இன்னும் தொவைக்கல."