துடைக்காத பொட்டு

பெருமாளுக்கு வாய் திறப்பதற்கு முன்னால் அடிக்கக் கை ஓங்கிவிடும். ராபர்ட்சன்பேட்டையில் அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி விடுகிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் விடுவார்கள், ஏனென்றால் அவன் முறுக்கிய நட்டு கழன்றதாக ஊரில் பேச்சே கிடையாது. அந்தப் பெருமை அவன் தலைக்கு ஏறி, அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

தசராவுக்கு ஒரு வாரம் முன்னால், அவன் மச்சான் விநாயக் இரண்டு அலுமினிய வளையங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். சம்பளத்தில் பாதியைத் தன் பழைய சின்னக் காருக்கே தீனி போடுவான். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோரமண்டலில், தங்கச் சுரங்கக் கழிவு மலையாய்க் குவிந்த சைனைட் மேட்டுக்குக் கீழே மைதானத்தில் கார் பந்தயம். பின் சக்கரம் இரண்டையும் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் வளைவில் வண்டி தடுமாறாது. சக்கரத்துக்கும் அது மாட்டுகிற ஹப்புக்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர்தான் அந்த வளையம்.

ஸ்பேசர் என்ற பேச்சைக் கேட்டதுமே பெருமாள் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"நட்டு ஏறுற ஸ்டட்டு குட்டையா கீது. நடுவுல இதைச் சொருவுனா நட்டு நாலு சுத்துல நின்னுடும். சக்கரம் பிச்சிகினு பூடும். ரெண்டாவது வளைவுல கொடி புடிச்சிகினு நிக்கப்போறது யாரு? உன் தங்கச்சி. என் பொண்டாட்டி."

"மாப்ளே, கைய எடுங்க. நீளமான ஸ்டட்டும் வாங்கியாந்துகீறேன். பாத்துட்டு அடிங்க."

பார்த்தான். ஸ்டட்டு சரியான நீளம். வளையம் ஹப்பில் துளி ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது. நட்டை விரலால் எண்ணி எண்ணிச் சுற்றினான். எட்டரைச் சுற்று இறங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லாததே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, எல்.கே.ஜி. பையனுக்குச் சொல்வதுபோல் மச்சானுக்குச் சொன்னான்.

"ரெண்டு விசயம். ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் நடுவுல ஒரு தூசி இருக்கக் கூடாது. மொத ரவுண்டு ஓட்டினு வந்ததும் திரும்ப முறுக்கிப் பாக்கணும். மறந்தே, செத்தே."

ஆயுத பூஜையன்று ஸ்பேனர், ஜாக்கி, டார்க் ரென்ச் எல்லாவற்றையும் வாழையிலையில் அடுக்கினான். ஸ்பேசர்களையும் வைத்தான். மனைவி ஷில்பா சந்தனம் குழைத்துக் கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் தடிமனாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான்.

ஞாயிறு காலை மைதானத்தில் மாட்டும்போது அந்தச் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. விநாயக் பனியன் துணியை எடுத்தான்.

"மாப்ளே, தொடைச்சுடட்டா?"

ஸ்பேனர் அவன் மணிக்கட்டில் இறங்கியது. துணி மண்ணில் விழுந்தது.

"சாமிக்கு வெச்ச பொட்டைத் தொடைப்பியா நீ? எங்கப்பா முப்பது வருசம் சுரங்கத்து ஷாப்டுல எறங்குனாரு. கேஜ் கதவுல பூசையன்னிக்கு வெச்ச பொட்டை எவனும் தொட்டதில்ல. தானா உதிரணும். அதான் முப்பது வருசமும் மேல வந்தாரு."

சுரங்கத்தில் கூண்டுக் கதவின் வெளிப்பக்கம் வைத்த பொட்டு அது. இரண்டு இரும்புக்கு நடுவில் வைத்ததல்ல. இந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவில்லை. சந்தனத்தோடேயே ஸ்பேசர்களை ஏற்றிச் சக்கரங்களை மாட்டினான். போதிய இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கிற டார்க் ரென்ச் 'டக்' என்றது. ஒவ்வொரு நட்டுக்கும் 'டக்'. சந்தனத்தை நசுக்கினாலும் அந்தக் கருவி 'டக்' என்றுதான் சொல்லும்.

முதல் ரவுண்டில் விநாயக் பறந்தான். இதுவரை வந்ததிலேயே குறைந்த நேரம். பையன்கள் விசிலடித்துக் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் வழியே கூப்பிட்டான்.

"மாப்ளே, நட்டு ஒரு தபா பாத்துடுங்க. நீங்கதானே சொன்னீங்க."

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். பெருமாளுக்கு முகம் சுட்டது. "நான் முறுக்குனதை நானே செக் பண்ணணுமா? எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கார்க் கதவில் ஓங்கி ஓர் உதை விட்டான். தகடு குழிந்தது. "போறதுன்னா போ. பயமா கீதுன்னா எறங்கு."

விநாயக் இறங்கவில்லை. இறங்கியிருக்கலாம். அவனுக்கும் ரோஷம் உண்டு.

அடுத்த ரவுண்டுக்குக் கிளம்பினான். இரண்டாவது வளைவில் முதலில் ஒரு சத்தம் வந்தது, உலக்கை முறிந்ததுபோல. புழுதிக்குள்ளிருந்து இடது பின் சக்கரம் தனியாக வெளியே வந்தது. ஒருமுறை குதித்தது. இரண்டாம் முறை குதித்து, தடுப்புக்கு அடுக்கியிருந்த டயர் வரிசையைத் தாண்டியது. ஷில்பா கொடியைப் போட்டுவிட்டு ஓடத் திரும்பினாள். அவள் ஓடிய பக்கமே சக்கரமும் போனது. அடித்த வேகத்தில் அவள் சுழன்று விழுந்தாள். கார் இடது பக்கம் கவிழ்ந்து மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது.

பெருமாள் ஓடினான். அவள் இடது கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. சுடிதாரைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. அவள் கத்தியதுபோல் ஒரு கத்தலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. நாலு பேர் அவளைப் பார்க்கக் குனிந்தார்கள். அவன் எழுந்து காரை நோக்கிப் போனான். கையில் ஸ்பேனர் இருந்தது.

விநாயக்கை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தான். ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தான். முதல் அடியில் உதடு பிளந்தது. இரண்டாவதில் பல் மண்ணில் விழுந்தது.

"மாப்ளே... பொட்டு... பொட்டு..."

"இன்னாடா பொட்டு? என் பொண்டாட்டி காலைப் பாருடா!"

தடுக்கத் தூக்கிய கையின்மேல் ஸ்பேனரைப் போட்டான். எலும்பு முறிந்தது அவன் உள்ளங்கைக்கே தெரிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. பந்தயம் நடத்துகிற ரவிகுமாரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்துதான் அவனைப் பிரித்தார்கள்.

ரவிகுமார் கழன்று விழுந்த ஸ்பேசரைத் தூக்கிக் காட்டினார்.

"இதை எவன்டா மாட்னது?"

கூட்டம் விநாயக்கைப் பார்த்தது. இரண்டு பேர் முழுக்கையை மடித்துக்கொண்டு அவன் பக்கம் போனார்கள்.

பெருமாள் காரைப் பார்த்தான். வலது பின் சக்கரம் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. அதன் நட்டில் விரலை வைத்தான். சுற்றியது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை; ஒவ்வொன்றும் விரலுக்கே சுற்றிக்கொண்டு வந்தது. சக்கரத்தைப் பிடுங்கினான். ஸ்பேசரைப் பிடுங்கினான். சந்தனப் பொடி பொலபொலவென்று அவன் முழங்கையில் கொட்டியது. பளபளப்பாகத் தேய்த்த ஹப்பின்மேல் உடைந்த சந்தன ஓடும், நடுவே குங்குமமும் ஒட்டியிருந்தன. அவன் வைத்த பொட்டு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். ஒரு கணம் அவன் மூடிக்கொண்டும் இருந்தான். அந்த ஒரு கணத்துக்காகவே அவனைச் செருப்பால் அடிக்கலாம்.

"நான்தான்," என்றான்.

"இன்னா?"

"நான்தான் மாட்னேன். தொடைக்கட்டான்னு கேட்டான், அடிச்சேன். திரும்ப முறுக்கச் சொன்னான், கதவை ஒதைச்சேன். அவனை வுட்டுடுங்க."

யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஸ்பேனரை விநாயக்கின் நல்ல கைப்பக்கம் நீட்டினான். விநாயக் அதைத் தொடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து ஷில்பாவை ஏற்றினார்கள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அண்ணனின் முகத்தைப் பார்த்து அவள் பதறினாள்.

"அண்ணா, இன்னா இவ்ளோ ரத்தம்? மூஞ்சி இன்னா ஆச்சு?"

"வண்டி கவுந்துச்சு இல்லம்மா? அதுல அடிபட்டுச்சு," என்றான் விநாயக்.

பெருமாள் படியில் கால் வைத்தான்.

"நீங்க வாணாம் மாப்ளே," என்று சொல்லி, விநாயக் உடையாத கையால் கதவை இழுத்துச் சாத்தினான்.